பலகையில் என் எண்

மார்ச் 3, செவ்வாய்

நரம்பு டாக்டர் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார். தலைவலி பத்துக்கு எத்தனை என்று தினமும் எழுத வேண்டுமாம். மூளையிலிருந்து கட்டியை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. கதிர்வீச்சு முப்பது தடவை. கட்டி போய்விட்டது. வலி மட்டும் விருந்தாளியாக வந்து வீட்டுக்காரனாகிவிட்டது. ஒரு மாதம் எண் மூன்றைத் தாண்டாமல் இருந்தால், பழைய வேலையை முழுதாகப் பார்க்கலாம் என்று கடிதம் தருவதாகச் சொன்னார்.

இன்று 2 என்று எழுதினேன். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து எழுதினால் 2 தான். இதில் என்ன பொய்? பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு அக்கறையாகப் பரீட்சை எழுதியதில்லை.

இந்த நோட்டு வேறு. இதை யாரும் திருத்தப் போவதில்லை.

மார்ச் 11, புதன்

டாக்டர் நோட்டில் 2. இங்கே 6. மாத்திரை நாலு.

மார்ச் 19, வியாழன்

பத்தொன்பது வருடம் பல்செட் செய்த கை இது. இப்போது டெண்டல் லேபில் என் வேலை, பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றுவதும் பொட்டலம் கட்டுவதும்தான். முதலாளி அண்ணன் பாவம் பார்த்துக் கொடுத்தது. பாவம் பார்ப்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் மேசையில் மின்னல் உட்கார்ந்திருக்கிறான். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கை வேகத்தால் வந்த பட்டப்பெயர். மெழுகில் இருபத்தெட்டுப் பல்லையும் ஒன்றரை மணி நேரத்தில் அடுக்கிவிடுகிறான். எல்லாம் அணிவகுப்பில் நிற்கும் போலீஸ் மாதிரி நேராக. மனுஷ வாயில் எந்தப் பல் அப்படி நிற்கிறது? முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லை ஒரு மயிரிழை திருப்பி வைக்க வேண்டும். அப்போதுதான் அது ஒருவருடைய சிரிப்பு மாதிரி இருக்கும். அவனிடம் சொன்னேன். "நீங்க வந்து திருப்பிக் காட்டுங்கக்கா" என்றான். கிண்டலா, மரியாதையா? மரியாதைதான். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கட்டி திரும்பவில்லை. டாக்டர் நோட்டைப் புரட்டினார்: 2, 2, 3, 2. நன்றாக இருக்கிறீர்களே என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். வலி மாத்திரை எத்தனை போடுகிறீர்கள் என்றும் கேட்டார். எப்பவாவது என்றேன். நாக்குக் கூசவே இல்லை.

கடிதத்தை முதலாளி மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மின்னல் என் மெழுகுக் கத்தியைத் துடைத்து, நான் வைக்கும் இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடத்தில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

ஏப்ரல் 22, புதன்

முதல் முழு செட். ரயில் நிலையத்தில் முப்பது வருடம் அறிவிப்புச் சொல்லி ஓய்வுபெற்ற ஒரு அம்மாவுக்கு. பல் டாக்டர் அவருடைய பழைய புகைப்படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார். சிரிப்பில் இடப்பக்கப் பல் ஒன்று கொஞ்சம் முன்னால் வந்து எட்டிப் பார்க்கிறது. எனக்கென்றே வந்த வாய்!

பதினொரு மணிக்குத் தலை ஆரம்பித்தது. வலது காதுக்கு மேல் உள்ள தழும்பிலிருந்து கண்ணுக்குள் இறங்கும் அதே வலி. மேசை விளக்கு, பக்கத்தில் தேய்க்கும் மெஷினின் இரைச்சல், உருகும் மெழுகின் வாசம். கழிவறைக்குப் போய் ஒரு மாத்திரை. பிறகு இன்னொன்று. எழுந்து போனால், பார்த்தாயா, இவளால் முடியவில்லை என்பார்கள் — யார் சொல்வார்கள்? நான்தான் சொல்வேன். முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

டாக்டர் நோட்டில் 3. உண்மையில் 7.

ஏப்ரல் 30, வியாழன்

திரும்பி வந்துவிட்டது.

மெழுகுச் செட்டை வாயில் வைத்துப் பார்த்தபோது இடது பக்கம் மட்டும் கடிக்கிறதாம். வலது பக்கம் திறந்து கிடக்கிறதாம். பேசினால் விசில் அடிக்கிறதாம். அறிவிப்புச் சொன்ன வாய்! பத்தொன்பது வருடத்தில் என் செட் ஒன்றுகூடத் திரும்பியதில்லை.

முதலாளி கேட்பதற்குள் மின்னல் முந்திக்கொண்டான். பொட்டலத்தை அவன்தான் கட்டினானாம், வழியில் வெயிலில் மெழுகு இளகியிருக்குமாம். முதலாளி நம்பிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? சொல்லுடி, ஏன்?

மெழுகு இளகினால் பல் சரியும். இவை ஒன்றும் சரியவில்லை. நான் வைத்த இடத்திலேயே கெட்டியாக நிற்கின்றன. வைத்ததே தப்பு.

மே 2, சனி

மகள் பள்ளிக்கூட வேலைக்குப் பிளாஸ்டர் தாடை ஒன்று வேண்டும் என்று என் பழைய பெட்டியைத் திறந்திருக்கிறாள். காலி மாத்திரை அட்டைகளை அதில்தான் போட்டு வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பிவிட்டு, பக்கத்தில் டாக்டர் நோட்டைத் திறந்து வைத்திருந்தாள்.

"ரெண்டு, ரெண்டு, மூணுன்னு எழுதிருக்க. அப்ப இதெல்லாம் யாரும்மா சாப்பிட்டது?"

பதினான்கு வயதுப் பெண்ணிடம் பெட்டியை ஏன் தொட்டாய் என்று கத்தினேன். என் கணவர் அப்போதுதான் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்திருந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. உட்கார்ந்து அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"பிரேக் கொஞ்சம் லூஸா இருந்தா, வண்டியை விடும்போது கோளாறு புக்குல எழுதணும். என் பேரு கெட்டுப்போகும்னு எழுதாம விட்டா, அடுத்து எடுக்கறவன் அந்த புக்கை நம்பித்தானே ஓட்டுவான்?" என்றார். பிறகு மெதுவாக, "நாங்க உன் நோட்டை நம்பித்தான் இருக்கோம்."

அழுதேன். அழுதால் வலி ஏறும் என்பதால் பாதியில் நிறுத்தினேன். நிறுத்திய விதத்தைப் பார்த்து மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

மே 4, திங்கள்

மின்னலும் இருக்கும்போதே முதலாளியிடம் போய் நின்றேன்.

"மெழுகு இளகல அண்ணே. அன்னைக்கு எனக்குத் தலைவலி பத்துக்கு ஏழு. மறைச்சுட்டு உக்காந்தேன். தப்பா வெச்சது நான்தான்."

தேய்க்கும் மெஷினை யாரோ நிறுத்தினார்கள். முதலாளி, அன்றாட வேலைகளை எழுதும் கரும்பலகைக்குப் போய் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டார்.

"தினம் வந்ததும் வலி எத்தனைன்னு இதுல எழுதும்மா. அஞ்சு வரைக்கும் மேசை உன்னுது. அஞ்சைத் தாண்டினா மெழுகைத் தொடக்கூடாது. வீட்டுக்குப் போயிடணும்."

என் வலியைப் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கும் இடத்தில் எழுதுவதா? அதற்கு வேலையை விட்டே நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றியது. சாக்பீஸை வாங்கி 6 என்று எழுதினேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை வரை முகம் எரிந்தது.

மே 8, வெள்ளி

டாக்டரிடம் இரண்டு நோட்டையும் காட்டிவிட்டேன். திட்டவில்லை. வலி மாத்திரையை இத்தனை நாள் விடாமல் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். நிறுத்த வேண்டும், முதல் சில வாரம் மோசமாகத்தான் இருக்கும் என்றார். தினமும் போட வேறு ஒரு மருந்து எழுதினார். எப்போது போகும் என்று கேட்டேன். முழுக்கப் போகும் என்று சொல்லமாட்டேன், குறையலாம் என்றார். அந்த நேர்மை பிடித்திருந்தது. எனக்கு இல்லாமல் போனது அதுதானே.

மே 12

8. மாத்திரை இல்லை.

மே 15

9. ஜன்னலுக்குத் திரை போட்ட அறை. மகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறாள்.

மே 18

8. கெட்ட வார்த்தை பேசினேன். சுவரிடம்தான். மாத்திரை இல்லை.

மே 27, புதன்

5. ஐந்து! ஐந்துக்கு யாராவது கேக் வாங்குவார்களா? அவர் வாங்கி வந்தார்.

ஜூன் 10, புதன்

பலகையில் 4 எழுதப் போனால், என் கட்டத்துக்குக் கீழே மின்னல் "முதுகு 3" என்று எழுதியிருக்கிறான். கணக்குப் பார்க்கும் பெண் "முழங்கால் 5". முதலாளி தன் பங்குக்கு "மாமியார் 8" என்று எழுதிவிட்டு, பத்து மணிக்கு அவசரமாக அழித்தார். மாமியார் வந்துகொண்டிருந்தாராம்.

சிரித்ததில் 4 என்பது 5 ஆயிற்று. பரவாயில்லை.

ஜூன் 17, புதன்

ரயில் அம்மாவின் செட்டைப் புதிதாக ஆரம்பித்தேன். மின்னல் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்றதற்கு, முதலில் செய்தவரே செய்யட்டும், அதில் சிரிப்பு என்னுடையதாகவே இருந்தது, காத்திருக்கிறேன் என்றாராம் அந்த அம்மா.

பின்னறையில் ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை. விளக்கு வேண்டாம், மெஷின் இரைச்சல் வராது. ஒரு மணி நேரம் அடுக்குவது, அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுப்பது. கண் மூடியிருந்தபோதுதான் கண்டுபிடித்தேன் — கடி சரியா என்பதைக் கட்டைவிரல் கண்ணைவிட நன்றாகச் சொல்கிறது! விரலால் தடவிப் பார்த்து, பிறகு பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவில் நீலக் கார்பன் காகிதத்தை வைத்துக் கடிக்கவிட்டுச் சரிபார்த்தேன். புள்ளிகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுந்தன. பழைய நான் ஒரே நாளில் முடித்திருப்பேன். இப்போது நாலு நாள் ஆகும். ஆனால் பழைய எனக்கு இந்த விரல் தெரியாது.

ஜூலை 1, புதன்

லேப் போன் அடித்தது. முதலாளி காதில் வைத்துக் கேட்டார், முகம் மாறியது, ஸ்பீக்கரைப் போட்டார். ஒரு குரல், வயதானது, நிதானமானது:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சற்று நேரத்தில் முதல் நடைமேடைக்கு வந்து சேரும் விரைவு ரயில் சரியான நேரத்தில் வந்துகொண்டிருக்கிறது."

விசில் இல்லை. ஒரு எழுத்துகூட வழுக்கவில்லை. மெஷின்கள் நின்றிருந்தன. பிறகு அந்தக் குரல், "இந்தப் பல்லை வெச்சது யாருப்பா?" என்று கேட்டது. மின்னல் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினான். நான் என்று சொன்னேன்.

பெருமையாக இருந்தது. வேறு எந்தச் சொல்லும் போட மாட்டேன்.

ஜூலை 9, வியாழன்

காலையில் எழுந்தபோதே தெரிந்தது. லேபுக்குப் போய்ப் பலகையில் 6 என்று எழுதினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதலாளி சரி என்று தலையாட்டினார், அவ்வளவுதான். நேற்று பாதி அடுக்கிய மேல்தாடை ஒன்று பின்னறையில் கிடக்கிறது. அதைத் தொடவில்லை.

வாசலில் செருப்பைப் போட்டபிறகு குடை ஞாபகம் வந்து திரும்பப் போனேன். மின்னல் அந்தத் தாடை மேல் சுத்தமான துணி போட்டு மூடிக்கொண்டிருந்தான். துணியின் மேல் ஒரு சீட்டு: "அக்காவுடையது. யாரும் தொடக்கூடாது." என்னைப் பார்த்ததும், "நீங்க போங்கக்கா, இந்தப் பல்லுக்காரரு காத்திருக்கேன்னு சொல்லிட்டாரு" என்றான்.

பஸ்ஸில் வந்தேன். அவர் ஓட்டும் பஸ்ஸே வந்தது. ஏறியபோது கண்ணாடியில் பார்த்தார். நான் ஆறு விரலைக் காட்டினேன். வழியெல்லாம் ஹாரனே அடிக்காமல் ஓட்டினார்.