அப்பா எழுதிய எச்சரிக்கை

அன்பு மகளே,

அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். காப்பகத்தில் ஜன்னலோரப் படுக்கை கொடுத்திருக்கிறார்கள், சான் டியேகோ கடல் தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஆய்வகத்து அணுக்கரு இணைவு உலை மறுபடி ஓடியது. உள்ளே கொதிக்கும் வாயுவான பிளாஸ்மா குலைந்து உலையின் சுவரைத் தாக்குமா என்று முன்கூட்டியே சொல்ல, பழைய ஓட்டங்களின் தரவுகளை அலசி அப்பா உருவாக்கிய கணினி மாதிரியைத்தான் இன்னும் நம்பியிருக்கிறோம். அன்றைய திட்டத்தை அதில் போட்டதும், குலையும் என்றது.

"கிழவர் சும்மா பயமுறுத்துறாரு," என்றான் ஓட்டத்துக்குப் பொறுப்பான டாரன்.

"அந்தக் கிழவர் என் வீட்டுக்காரர். மின்னோட்டத்தைக் குறைப்பா," என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே குறைத்தான். மாதிரி சொன்ன நேரத்தில் பிளாஸ்மா நடுங்கியது, ஆனால் குலையவில்லை. டாரன் என் பக்கம் திரும்பி, "அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க," என்றான்.

நேராக அப்பாவிடம் போய், அந்தக் கணினி மாதிரி உலையைக் காப்பாற்றியதைச் சொன்னேன். மோவாயில் கைவைத்து, பழையபடி கவனமாகக் கேட்டார்.

"இதை யாருங்க எழுதினது? கெட்டிக்காரரா இருக்கணும்."

'நீங்கள்தான்' என்று சொல்ல வாயெடுத்தேன். போன வாரம் நான் யார் என்று சொன்னபோது அவர் மிரண்டு அழுதது நினைவுக்கு வந்தது.

"ஆமாங்க, ரொம்பக் கெட்டிக்காரர்," என்றேன்.

"பார்த்தா நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருந்தாய். அதற்கு முன்பே வர முடியுமா, பார்.

உன்
அம்மா