ஆளில்லாத படங்கள்

என் ஆசை அக்கா,

உன் கேமரா இப்போது என்னிடம் இருக்கிறது. போன மாதம் ஆயர் ஈத்தாமில் நீ இருந்த வீட்டைக் காலி செய்தபோது உன் மகன், "சித்தி, இது உங்ககிட்ட இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போனான். வாங்கும்போது கை கூசியது. ஏன் என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதே, அதனால் சொல்கிறேன்.

என் மகள் தேன்மொழியின் நிச்சயதார்த்தத்துக்கு நீயே படமெடு என்று நான்தான் கேட்டேன். ஒரு வாரம் கழித்து நீ கொண்டுவந்து காட்டியதில் மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேரைக் காணோம். இருந்தவை அடுக்கி வைத்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், சாப்பிட்ட இலைகள் குவிந்த கூடை, திரைச்சீலையில் குறுக்கும் நெடுக்குமாக விழுந்த ஜன்னல் கம்பி நிழல்.

"குப்பையப் போயி எடுத்து வெச்சிருக்கியே, உனக்குக் கண்ணு இல்லையாக்கா?" என்று சம்பந்தி வீட்டார் முன்னாலேயே கேட்டுவிட்டேன். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய்.

அதன் பிறகு இரண்டு தீபாவளி வந்து போயிற்று, நாம் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாவது வருவதற்குள், ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த உனக்கு மாரடைப்பு. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து சேர்ந்தபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள். நீயாக முதலில் கூப்பிடுவாய் என்று காத்திருந்தேன் அக்கா. நீயும் அப்படித்தான் காத்திருந்தாயா?

போன சனிக்கிழமை, கேமராவில் இருந்த உன் படங்களில் பத்துப் பன்னிரண்டைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். மஞ்சள் திட்டுகளும் கறுப்புக் கோடுகளுமாக ஒரு படம். மற்றவை அங்குள்ள கடைத்தெருவில் எடுத்தவை என்று அடையாளம் தெரிந்தது, இது மட்டும் என்னவென்றே எனக்கு விளங்கவில்லை. குவீன் ஸ்திரீட்டை இரண்டு முறை சுற்றிவிட்டு, ஒரு மசாலைக் கடைக்கார அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், எதிர்ச் சுவரைக் காட்டினார். சாயம் உரிந்த மஞ்சள் சுவர், அதன் மேல் மின்கம்பிகளின் நிழல். அவ்வளவுதான். முப்பது வருடமாக அந்தச் சுவரைத் தாண்டித்தான் சாமான் வாங்கப் போய் வந்திருக்கிறேன்.

இதை எடுத்தவர் சனிக்கிழமை தவறாமல் வருவார், நிழல் சரியாக விழும்வரை நின்றுகொண்டே இருப்பார் என்றார் அவர். கூட யாராவது வருவார்களா என்று கேட்டேன்.

"தனியாத்தான் லா வருவாங்க. தங்கச்சி ஒருத்தி இருக்கா, கோவமா இருக்கா, கோவம் தணிஞ்சதும் கூட்டிட்டு வந்து இந்தச் செவுரக் காட்டணும்னு ஒரு தடவ சொன்னாங்க. இப்ப ஏன்மா வர்றதில்ல? வேற ஊருக்குப் போயிட்டாங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நான்தான் அந்தத் தங்கை என்று சொல்லவில்லை.

அந்தச் சுவருக்கு எதிரே நின்றேன். லாரி வந்து மறைத்தது, போனது. வெயில் சாயச் சாய நிழல் மெல்ல நகர்ந்து, உன் படத்தில் உள்ளது போலவே ஒரு கணம் விழுந்தது. "பாத்தியாக்கா" என்று பக்கத்தில் திரும்பினேன்.

ஒரு சேதி சொல்ல வேண்டும். சிம்பாங் அம்பாட்டில் தேன்மொழி வீட்டுக் கூடத்தில் நீ எடுத்த அந்த நாற்காலிப் படம்தான் மாட்டியிருக்கிறது. என்னைக் கேட்கவே இல்லை. "பெரியம்மா எடுத்தது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அவளுக்கு அப்போதே புரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு நாளாயிற்று?

நேற்றுக் காலை பாசாரில், மீன்காரர் கழுவிவிட்ட தரையில் நீலக் குடை ஒன்றின் பிம்பம் துண்டுதுண்டாகத் தெரிந்தது. எடுத்தேன். கை ஆடிவிட்டது, படம் கலங்கிவிட்டது. மறுபடியும் போவேன், நன்றாக வரும்வரை போவேன். இதில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், கோபித்துக்கொள்ளாமல், கொஞ்ச நேரம் என்கூட நின்று பாருங்கள் என்று சொல்வேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

நீ கூட்டிப் போகக் காத்திருந்த
உன் தங்கச்சி,
கோகிலா