எண்ணெய் போட்ட கதவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாளா? இங்கே குளிர்தான், ஆனாலும் ஸ்வெட்டர் போதும்.

இந்த மலையூரில் நூற்றைம்பது வருடத்துக் கல் கட்டடம் ஒன்றைப் பழுதுபார்க்கிறோம். அதற்குள்ளேயே பதிவு அலுவலகமும் நடக்கிறது. மேட்டிலிருந்து இறங்கி வருகிறவர்கள் காலையிலேயே பத்திரப் பையோடு படியில் உட்கார்ந்துவிடுவார்கள். வாசல் கதவு ஊரையே கூட்டுகிற மாதிரி கிறீச்சிடும். போன வாரம் கீலுக்கு எண்ணெய் போட்டுச் சத்தமே இல்லாமல் செய்துவிட்டேன்.

மறுநாள் மதியம் பதிவு அதிகாரி உள்ளே வந்தது யாருக்கும் தெரியவில்லை. பெரிய கிளார்க் மேஜையில் தலை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"கதவை ரிப்பேர் பண்றேன்னு என்னைக் கவுத்துட்டியேம்மா" என்றார் பிறகு.

அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"பழைய சத்தத்தையே கொண்டுவந்துடும்மா. அதைக் கேட்டா நான் வர்றதுக்குள்ள எழுந்துடுவாங்க. கண்ணால பார்த்துட்டா நான் நடவடிக்கை எடுக்கணும்ல?"

மண்ணெண்ணெய் விட்டுக் கீலில் இருந்த எண்ணெயையெல்லாம் துடைத்தெடுத்தேன். இரண்டே நாளில் கதவு பழையபடி கத்துகிறது.

அப்பா, நம் வீட்டு கேட் சத்தம் போடுகிறது, ஆள் வைத்துச் சரிசெய்யுங்கள் என்று நான்தானே நச்சரித்தேன்? வேண்டாம், அப்படியே இருக்கட்டும். நான் வரும்போது, "வந்துட்டா" என்று அம்மா அடுப்படியிலிருந்தே சொல்ல வேண்டும்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உங்கள் சின்னவள்