நிறுத்தியவனுக்கு விழுந்த அடி

செவ்வாய், இரவு.

இன்று ஒரு மனுஷனின் காதைக் கிழித்துவிட்டேன்.

பண்டாரவளைக்குப் போகும் காலை பஸ் இரண்டு வாரமாக எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் நிற்பதே இல்லை. பிள்ளைகள் கை காட்டக் காட்டப் பறந்துவிடும். பிந்திப் போனால் பள்ளிக்கூட வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். அதனால் இன்று நாங்கள் யாரும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகவில்லை. கொழுந்து எடுக்கையில் செடிமேல் வைத்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்போடு நடுரோட்டில் நின்றோம். பிள்ளைகள் பையோடு ஓரமாக நின்றார்கள்.

பஸ் வந்து நின்றது. ராஜேஸ்வரி அக்கா டிரைவரின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். முதல் அடி என்னுடையது, கம்பு காதில் விழுந்தது. பிறகு எல்லாரும் அடித்தார்கள். விழுந்தவனை மிதித்தார்கள். எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை.

கண்டக்டர்தான் குறுக்கே விழுந்து கத்தினான். "அடிக்காதீங்க! இவரு இன்னைக்கு வந்த புது டிரைவர். பழைய ஆள மாத்தியாச்சு!"

ஓடுகிற பஸ்ஸுக்குள் இருந்தவனின் முகத்தை நாங்கள் எங்கே பார்த்தோம்?

மாற்ற வைத்தது எங்கள் பிரதேச சபை உறுப்பினராம். டிரைவரைக் கொண்டுபோன ஆஸ்பத்திரி வாசலில் அவரைப் பிடித்தேன். "ஏங்க எங்ககிட்ட சொல்லல?"

"ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டு, மைக் வச்சு சொல்லலாம்னு இருந்தேன்."

அவரையும் அடித்திருப்பேன். கம்பு கையில் இல்லை.

மகள் சோறு தின்னவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எங்கள ஏறச் சொல்லித்தாம்மா அந்த அங்கிள் கதவத் தொறந்தாரு."