பாலத்தின் நடுவில் நிற்கும் நாற்பது பீப்பாய்கள்

அனுப்புநர்:
யர்மிலா குபலோவா,
மேலாளர், முட்டைக்கோஸ் கூட்டுறவுச் சங்கம்,
லிபோவெட்ஸ், ஸ்லோவாக்கியா (போன வாரம் வரை செக்கோஸ்லோவாக்கியா).

பெறுநர்:
உயர்திரு சுங்கத் தலைமை அலுவலர் அவர்கள்,
மேற்கு எல்லைப் பிரிவு.

பொருள்: மொராவா ஆற்றுப் பாலத்தில் எந்த நாட்டிலும் சேராமல் நிற்கும் சரக்கை விடுவிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாங்கள் பதினொரு பெண்கள் முட்டைக்கோஸை நறுக்கி, உப்பிட்டு, பீப்பாயில் புளிக்கவைத்து விற்கிறோம். முன்பு யாருக்கு விற்பது என்று நாங்கள் யோசித்ததில்லை; திட்டக் குழு யோசித்தது. ரயில் வரும், ஏற்றுவோம், சோவியத் ராணுவம் சாப்பிடும். ருசி எப்படி என்று ஒருவரும் எழுதியதில்லை.

2. தொண்ணூற்றொன்றில் அந்த ராணுவம் ஊர் திரும்பியது, ரயிலும் நின்றது. வியன்னாவுக்கு மாதிரி கொண்டுபோனேன். அங்கே ஒரு வியாபாரி, "ருசி பிரமாதம்மா. ஆனா பீப்பாயெல்லாம் வேணாம். கண்ணாடி பாட்டில்ல, படம் போட்ட லேபிளோட குடுங்க" என்றார். எங்களிடம் பாட்டிலும் இல்லை, படமும் இல்லை. கடைசியில் அக்கரையில், செக் பகுதியான மொராவியாவில், ஒரு மொத்த வியாபாரி கிடைத்தார். இன்று எங்களுக்கு அவர் ஒருவர்தான்.

3. டிசம்பர் 31 மதியம் அவருக்கான நாற்பது பீப்பாய்களோடு லாரி புறப்பட்டது. பாலத்தின் நடுவில் அச்சு முறிந்தது. ஓட்டுநர் வோய்டெக் அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் புத்தாண்டு பிறந்து, நாடும் இரண்டாகியிருந்தது. அக்கரை அதிகாரி, "இது வெளிநாட்டுச் சரக்கு. ஏற்றுமதிச் சீட்டு எங்கய்யா?" என்றார். "ஏத்தினப்போ உள்நாடுதானுங்களே" என்றார் வோய்டெக். திரும்பி வந்தால் நம் அதிகாரி, "உள்ள வரணும்னா இறக்குமதிச் சீட்டு வேணும்ப்பா" என்றார். இருபது வருடம் அதே பாலத்தில் போய்வந்த மனிதர், அன்றுதான் வெளிநாடு பார்த்தார், இரண்டு பக்கத்திலும்.

4. இன்றோடு ஐந்து நாள். வோய்டெக்கின் மனைவி தினமும் சூப் கொண்டுபோகிறார். அதற்கு இதுவரை யாரும் சீட்டு கேட்கவில்லை. நான் எழுதியதை வைத்துக் கேட்கத் தொடங்கிவிட வேண்டாம். பீப்பாய்கள் பனியில் கிடக்கின்றன. உறைந்து இளகினால் கோஸ் குழைந்துவிடும். வாடிக்கையாளர் கைவிடுவார். அப்புறம் பதினொரு பேரும் வீட்டில்தான். இதை அந்தப் பெண்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

5. பரிசோதனைக்கென்று இரண்டு சாவடியாரும் மாதிரி எடுத்தார்கள். மூன்று முறை எடுத்தார்கள். மூன்றாம் முறை ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் கையோடு கொண்டுவந்தார்கள். பிறகு "தரமான சரக்கு" என்று ஒரே தாளில் இருவரும் கையெழுத்திட்டார்கள். எனக்குத் தெரிந்து, பிரிந்த பின் இரண்டு நாடுகளும் சேர்ந்து ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அதுதான். தாளை இத்துடன் இணைத்துள்ளேன். அதையே ஏற்றுமதிச் சீட்டாகக் கருதி, நான்காம் பரிசோதனைக்கு முன் லாரியை விட்டுவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: லிபோவெட்ஸ்
நாள்: 5.1.1993

தங்கள் உத்தரவுக்குப் பாலத்தடியில் காத்திருக்கும்,
யர்மிலா குபலோவா