பாஸ்வேர்டு கேட்காத பூட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா? மணிக்கட்டுக்கு மேலேயும் வெட்டவேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஃபோர்மேனிடம் நான் மன்னிப்புக் கேட்டால் என் மேல் போட்ட கேஸை வாபஸ் வாங்குவான் என்று முதலாளி உனக்குப் போன் செய்ததாகவும் எழுதியிருந்தாய். கேட்க மாட்டேன். அவன் தாடை உடைந்ததில் எனக்கு வருத்தமும் இல்லை.

நடந்ததை முழுதாகத் தெரிந்துகொள். தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷினின் பூட்டை விடுவித்து அதை இறக்க, கம்ப்யூட்டரில் ஷெல் ஸ்கிரிப்ட் என்று ஒரு கட்டளைக் கோப்பு உண்டு. ரூட் என்கிற முழு அதிகாரம் இருந்தால்தான் அது ஓடும். ஒவ்வொரு முறையும் நானோ மாப்பிள்ளையோ வந்து பாஸ்வேர்டு அடிக்க வேண்டும். வேலை நிற்கிறது என்று ஃபோர்மேன் தினமும் கத்தினான். தொல்லை தாங்காமல் மாப்பிள்ளை, ஷிஃப்டில் யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்டு இல்லாமல் அதை ரூட்டாக ஓட்டலாம் என்று சூடோ என்கிற அனுமதிப் பட்டியலில் திறந்துவிட்டார். அந்தக் கோப்பைத் திருத்தவும் அவர்களால் முடியும் என்பதை அவர் கவனிக்கவில்லை. நான் சொன்னேன்:

"சாவியும் குடுத்து, பூட்ட அறுக்க அரமும் குடுத்திருக்கீங்க மாப்ள."

"உங்க நிழல்கிட்டயே நீங்க அடையாள அட்டை கேப்பீங்க மாமா" என்று சிரித்தார்.

பிரஸ்ஸின் கம்பிக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் வரி ஒன்று அந்த ஸ்கிரிப்டில் இருந்தது. நேரம் பிடிக்கிறது என்று ஃபோர்மேன் அதை அழித்துவிட்டான். அன்று கதவைத் திறந்து, உள்ளே கைவிட்டு சென்சாரைத் துடைத்துக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. அவன் பார்க்காமலே ஸ்கிரிப்டை ஓட்டினான். பிரஸ் இறங்கியது. எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. தகட்டிலிருந்து விரல்களைச் சுரண்டித்தான் எடுத்தார்கள்.

அவரை ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினால் ஃபோர்மேன் சொல்கிறான்: "கம்ப்யூட்டர் விட்டுச்சு, ஓட்டினேன். உங்க மருமகன் ஏன் கைய நீட்டினாரு, பெருசு?" ஸ்பானரை எடுத்தேன். முதல் அடி தாடையில், அடுத்தது தோளில். நாலு பேர் இழுத்திராவிட்டால் மூன்றாவது மண்டையில் விழுந்திருக்கும்.

நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. கேஸ் நடந்தால், திறந்துவிட்டவர் மாப்பிள்ளைதான் என்று சொல்லி நஷ்ட ஈட்டை மறுத்துவிடுவார்கள். ஆனால் நாங்கள் இருவரும் ஒரே ரூட் கணக்கில்தான் நுழைவோம். யார் செய்தாலும் கம்ப்யூட்டர் பதிவில் ரூட் என்று மட்டுமே இருக்கும். திறந்தவன் நான் என்று கோர்ட்டில் சொல்லப் போகிறேன். உள்ளே போடட்டும். ஃபோர்மேன் காலில் விழுவதைவிட அது மேல்.

மாப்பிள்ளை பொய் பொறுக்காதவர், மறுக்க வருவார். கம்பெனி வக்கீல் வந்தால் தூங்குகிறார் என்று சொல்லிவிடு. இடது கையால் எழுதப் பழகட்டும். எந்தக் காகிதத்திலும் கையெழுத்து மட்டும் போட வேண்டாம். என் ஆயுசில் மிச்சமிருப்பதெல்லாம் அவருக்குப் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா