கேட்டால்தான் தீட்டு

கர்க்கடகம் 9, திங்கள்.

விடாத மழை. விதுரா தாண்டி, வக்கீல் பிள்ளையின் சிநேகிதர் தேயிலைத் தோட்டத்து பங்களா. ஜன்னலைத் திறந்தால் மூடுபனி அறைக்குள் வருகிறது. எடுத்துவர மறந்தவை: விபூதிச் சம்படம், மாற்று வேஷ்டி, கண்ணாடிக் கூடு.

முனிசிபல் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. பிள்ளையின் வக்கீல் கட்சியும் சாலைக் கடைத்தெரு வியாபாரிகள் கட்சியும் சரிக்குச் சரி. நடுவில் எந்தக் கட்சியும் இல்லாத ஒற்றை ஆள், வலியசாலை மெம்பர், அடியேன். வெள்ளிக்கிழமை பிரசிடென்ட் வோட்டு. அதுவரை வியாபாரிகள் கண்ணில் நான் படக்கூடாதாம். அதற்குத்தான் இந்த வனவாசம். பதிலுக்கு எனக்கு வைஸ் பிரசிடென்ட் பதவி.

பிள்ளை: "இவிடே ஒண்ணும் பேடிக்க வேண்டா சாமி, பயமே வேண்டா. சுகமாயிட்டு சாப்பிடணும், உறங்கணும். வெள்ளியாழ்ச்ச காலத்தே நானே காறிலே கொண்டு போவேன்."

என்னை ஏற்றிக்கொள்ளப் பிள்ளையின் மோட்டார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது தெருவே எட்டிப் பார்த்தது. பரமசந்தோஷம், பொய் சொல்வானேன். அண்ணா பார்த்திருக்க வேண்டும். "உன்னை யாருடா சீந்தப்போறா?" அப்பா திவசத்தன்று எல்லார் முன்னாலும் கேட்டவர். மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. கல்லிடைக்குறிச்சியில் படுத்த படுக்கை என்று போன மாதம் கேள்வி. போகவில்லை.

10, செவ்வாய்.

மழை. இரண்டு காலிலும் அட்டை. சமையல் அம்பி பாலக்காட்டுக்காரன், ரசம் பிரமாதம்.

மத்தியானம் சேஷு வந்தான். என் மச்சினன், எங்கள் வீட்டோடு இருப்பவன். வாசல் கேட்டருகில் குடையும் கையுமாக நின்றான். பிள்ளை ஓடிப்போய் மறித்துக்கொண்டார். இருவரும் ஏதோ பேசினார்கள். பிறகு பிள்ளை வராந்தாவுக்கு வந்து, "சாமிக்கு ஒரு காப்பி எடுக்கட்டே?" என்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். திரும்பவும் சேஷுவிடம் போனார். சேஷு என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். கூப்பிட்டேன். மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது.

"என்ன விஷயம்?" என்றேன். துணி கொண்டுவந்தானாம். துணி எங்கே? மறந்து போச்சாம். வக்கீலுக்கு இதைவிட நல்ல பொய் வர வேண்டாமா?

அதற்கப்புறம் எல்லாருக்கும் என்மேல் திடீர் கருணை. பிள்ளை தன் கம்பளிச் சால்வையைக் கொடுத்தார். அம்பி கேட்காமலே நெய் விடுகிறான். ஒருவரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

அண்ணா போய்விட்டார். அவ்வளவுதான் விஷயம்.

11, புதன்.

தூக்கம் இல்லை. பல் தேய்க்கும்போது பின்னால் மூக்குப்பொடி வாசனை. அண்ணா போடும் அதே பட்டணம் பொடி. திரும்பினால் ஒருவரும் இல்லை. தோட்டத்து மரத்தடியில், பனிக்குள்ளே, தோளில் துண்டோடு ஓர் ஆள். "யாரது?" என்று கத்தினேன். பிள்ளை ஓடிவந்து பார்த்தார். "ஆரும் இல்லா சாமி."

கேட்டுவிடலாமா? கேட்டால் பத்து நாள் தீட்டு. அண்ணாவுக்கு வாரிசு கிடையாது, காரியமும் நான்தான் செய்யவேண்டும். சபைக்குப் போக முடியாது. நான் இல்லாவிட்டால் இரு பக்கமும் சமம், சீட்டுக் குலுக்குவார்கள். வைஸ் பிரசிடென்டாவது, மண்ணாங்கட்டியாவது.

தெரியாதவனுக்குத் தீட்டில்லை. சேதி காதில் விழுந்த நிமிஷத்திலிருந்துதான் கணக்கு, சாஸ்திரமே அப்படித்தான். பிள்ளைக்கும் அது தெரிந்திருக்கிறது, அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கப்போவதில்லை. கெட்டிக்காரத்தனம்தான்.

சாப்பிடும்போது ஜன்னல் கட்டையில் நனைந்த காக்கை. ஒரு பிடி சாதம் வைத்தேன். பார்த்தது, தொடவில்லை. கோபம் தீரவில்லையா அண்ணா? வெள்ளிக்கிழமை முடியட்டும். எள்ளும் தண்ணீரும் குறைவில்லாமல் விடுகிறேன்.

இலை எடுக்க வந்த அம்பி போகாமல் நின்றான்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். மனசு கேக்கலை."

"ரசத்துல உப்பு கம்மி. அதானே?"

"இல்லை மாமா. கல்லிடைக்குறிச்சிலேர்ந்து..."

"வாயை மூடு! எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதே! போடா உள்ளே!"

இலையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினான் பையன். இத்தனை சத்தம் என் தொண்டையில் இருப்பது எனக்கே தெரியாது.

12, வியாழன்.

லேசாக ஜுரம். சுக்குக் கஷாயம். நாளை பேச வேண்டியவை: தெருக்குழாய், சாக்கடை, மகாராஜாவுக்கு வந்தனம். எழுதி எழுதி அடித்தேன். பக்கத்து நாற்காலியில் யாரோ உட்கார்ந்து படிப்பதுபோல் ஒரு நினைப்பு. நாற்காலியைத் தூக்கி வெளியே வைக்கச் சொன்னேன். அம்பி இப்போது என்னிடம் பேசுவதே இல்லை.

அண்ணா இல்லாமல் மன்னி தனியாக என்ன செய்கிறாளோ. யார் கொள்ளி வைத்தார்களோ. பங்காளி யாராவது இருப்பார்கள். நினைக்காமல் இருந்தால் போதும்.

13, வெள்ளி.

ரயிலில். எழுத்து ஆடுகிறது. மழை விட்டுவிட்டது.

வோட்டு முடிந்தது. கையைத் தூக்கினேன், ஒரு வோட்டில் பிள்ளை பிரசிடென்ட், நான் வைஸ். கைதட்டல், மாலை. எதுவும் நெஞ்சில் ஏறவில்லை. வெளியே படிக்கட்டில் சேஷு, சவரம் செய்யாத முகம்.

மாலையைக் கழற்றினேன். "இப்போ சொல்லு. எப்போ போனார்?"

"நேத்து சாயங்காலம், அத்திம்பேர்."

"நேத்தா? நீ செவ்வாய்க்கிழமை வந்தியேடா?"

"அப்போ நன்னா பேசிண்டிருந்தார். உங்களைப் பாக்கணும்னு ஆளை அனுப்பிச்சிருந்தார். அதைச் சொல்லத்தான் வந்தேன். வக்கீல் உங்ககிட்ட கேட்டுட்டு வரேன்னார். நீங்க மாட்டேன்னு தலையை ஆட்டினதை நானே பாத்தேனே. அன்னிக்கே ரயிலேறி, உங்களுக்கு வரச் சௌகரியப்படலைன்னு போய்ச் சொன்னேன்."

காப்பி வேண்டாமென்று ஆட்டிய தலை. மூன்று நாள் உயிரோடு இருந்திருக்கிறார். நான் எள்ளும் தண்ணீரும் பேசிக்கொண்டிருந்தேன்.

பிள்ளையின் சட்டையைப் பிடித்துவிட்டேன், எல்லார் எதிரிலும். பாவி, விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை. "தெற்றுதான் சாமி, தப்புதான். வோட்டு போயிடும்னு பேடிச்சு. ஆனா சாமி ஒரு வாக்கு கேட்டிருந்தா நான் பறைஞ்சிருப்பேன். சாமி கேக்கவே இல்லையே."

உடம்பை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறார்களாம். சேஷு எதிர் பெஞ்சில். புனலூர் தாண்டியது. பிறகு கேட்டுவிட்டேன்.

"நான் வரலைன்னதும் என்ன சொன்னார்?"

"வேண்டாம் அத்திம்பேர்."

"சொல்லுடா."

"'மூணு வருஷமாச்சே, இன்னுமா அவனுக்குக் கோபம்?'னார். அப்புறம் செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துண்டுட்டார்."